பத்து நிமிஷம்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும்
ஷார்ஜாவிலிருந்து மச்சான் கூப்பிடுவார்.
சாப்பிட்டியா என்பது இரண்டாவது கேள்வி.
முதல் கேள்வி,
"வண்டிய ஸ்டார்ட் பண்ணுனியா?"

போன லீவில் வாங்கியது. வெள்ளை ஸ்விஃப்ட்.
நாற்பத்தொரு நாள் கீழக்கரையைச் சுற்றினார்.
பிறகு உறை போட்டு
நாலு மூலைக்கும் செங்கல் வைத்து
பத்திரம் என்று சொல்லிவிட்டுப் போனார்.
வண்டியா நானா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

வாரம் பத்து நிமிஷம் ஓடவேண்டும் எஞ்சின்,
இல்லாவிட்டால் பேட்டரி இறங்கிவிடும்.
போனை டாஷ்போர்டில் வைப்பேன்.
பேசமாட்டார்.
கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து
நாடி பிடிக்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருப்பார்.
"பெல்ட் லேசா கத்துதே."
"அது கோழி மச்சான்."

கச்சான் வீசும் மாசத்தில்
உறைக்குள்ளேயும் உப்புப் புகுந்துவிடும்.
ஒருநாள் பானெட்டை விரலால் வழித்து
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
மீன் ஆணத்துக்குக் காணும்.
பின்கதவுக்கு அடியில் ஒரு துரு.
நோன்புக்கு முன்னால் பாசிப்பயறு,
ஹஜ்ஜுப் பெருநாளில் புளியங்கொட்டை.
சொல்லவில்லை.
பக்கத்து வீட்டுக் கிடாய் கூரை மேல் ஏறி நின்று
தெருவைப் பார்த்துக் கனைத்ததையும் சொல்லவில்லை.
எலி கடித்த ஒயருக்கு மெக்கானிக் முனியசாமி
ஆயிரத்து இருநூறு வாங்கினான்.
அது என் சீட்டுப் பணம்.

உம்மாவுக்கு மூச்சு முட்டிய ராத்திரியில்
வாசலில் வண்டி நின்றது.
நின்றது, அவ்வளவுதான்.
சாவி என் உள்ளங்கையில்.
ஆட்டோக்கார மரைக்கா காக்கா
எழுந்து, சட்டையைத் தேடி, வந்து சேர
நாற்பது நிமிஷம்.
உம்மா பிழைத்துக்கொண்டாள்.
நான் இன்னும் சிலநேரம்
அந்த நாற்பது நிமிஷத்திலேயே நிற்கிறேன்.

அடுத்த திங்கள் ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினேன்.
டிரைவிங் ஸ்கூலில் நாலு பையன்கள்,
சித்தார்கோட்டை டீச்சர் ஒருத்தி, நான்.
எட்டுப் போடும்போது
இரண்டாவது சுழியில் எனக்கு மட்டும்
வண்டி நின்று நின்று போனது.
மூன்றாம் தடவையில் லைசென்ஸ்.
படத்தில் முக்காடு சரியாக இருக்கிறது,
முகத்தில்தான் ஒரு களவாணிக் களை.

எங்கள் முடுக்கு
வண்டியைவிட ஒரு சாண்தான் அகலம்.
கண்ணாடி இரண்டையும் மடக்கிக்கொண்டு
நண்டு மாதிரி நகர்ந்தேன்.
ஜன்னல் ஜன்னலாகப் பொம்பளைகள்.
"பிஸ்மி சொல்லிக்கடி" என்றது ஒரு குரல்.
"சுவத்தப் பாரு" என்றது இன்னொன்று.
திருப்புல்லாணி ரோட்டில்
உடைமரங்கள் பின்னால் ஓடத் தொடங்கியபோது
மூன்றாவது கியர் விழுந்தது.
பாத்திரம் கவிழ்கிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை,
காற்று மட்டும்.
சேதுக்கரை விலக்கில் மாடு குறுக்கே வர
பிரேக்கில் செருப்பு வழுக்கியது.
அன்றிலிருந்து வெறுங்கால்.

இப்போது உம்மாவுக்கு மாசம் ஒரு ஆஸ்பத்திரி,
லாத்தா மகளுக்கு ட்யூஷன்,
வழியில் கைகாட்டினால் டீச்சருக்கு ஒரு லிஃப்ட்.
பெரியபட்டினத்தில் வாங்கிய கருவாடு
பின் சீட்டை விட்டு இறங்க மறுக்கிறது.
அத்தர் தெளித்துப் பார்த்தேன்.
கருவாடு அத்தர் பூசிக்கொண்டது.
ஒவ்வொரு வியாழன் ராத்திரியும்
மணலைத் தட்டி, மிதியைக் கழுவி, உறையை இழுத்து,
நாலு செங்கலையும்
அவர் வைத்த இடத்திலேயே வைத்துவிடுகிறேன்.

நேற்று வெள்ளி.
எஞ்சின் ஓடியது. போன் டாஷ்போர்டில்.
ரொம்ப நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை.
"முந்தி இவ்வளவு லேசா ஸ்டார்ட் ஆகாதே" என்றார்.
நான் கோழியைப் பார்த்தேன்.
கோழி என்னைப் பார்த்தது.
இன்னும் கொஞ்சம் மௌனம். அப்புறம்,
"கிளட்ச்ல காலை வச்சிக்கிட்டே ஓட்டாத.
பிளேட்டு தேஞ்சிரும்."

பிறகு, வழக்கம்போல,
"சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்றேன்.
பெட்ரோலுக்குத்தான்
இந்த மாசம் காசு காணாது என்றேன்.