மூன்று விரல்

மே பிறந்தும் கஜானியில்
ஐஸ் ஹாக்கி அரங்கின் பின்னால் வாரிக் குவித்த அழுக்குப் பனி
இன்னும் கரைந்து முடியவில்லை.
அதன் ஓரத்தில்தான் எங்கள் பிட் மேசைகள்.
ஹேர் டிரையர் பிடித்து எஞ்சினுக்குச் சூடேற்றுகிறோம்,
தலையில் முடியே இல்லாத நாலு பேர்.

பக்கத்து மேசை டூலியாவுடையது.
சுரங்க லாரிகளுக்கு வெல்டிங் வைக்கிறவள்.
பிறவியிலேயே காது கேளாது.
எனக்கோ காதுதான் சொத்து.
ஐடிலில் நிற்கும் எஞ்சினைக் கண்மூடிக் கேட்டு
ஊசி எத்தனை தளர்வு என்று சொல்லிவிடுவேன்.
வைத்தியனிடம் பிள்ளையைத் தூக்கி வருவதுபோல்
காரைத் தூக்கி வருவார்கள்.

அன்று காலை என் காரே
நின்ற இடத்தில் நிற்க மறுத்தது.
த்ராட்டிலை விட்டால் சுருதி இறங்கி, இறங்கி,
இருமி அணைந்தது.
ஐடில் திருகைக் கால் சுற்று உள்ளே முறுக்கினேன்.
கார்புரேட்டரின் வாய் நகக்கண் அளவு கூடுதலாகத் திறந்தது.
நின்றது. பாடியது.
விளக்கெண்ணெய்ப் புகை நீலமாய்ச் சுருண்டது.
"கேளுங்கள்" என்றேன், யாரிடமோ.

டூலியா எட்டிப் பார்த்தாள்.
அனுமதி கேட்காமல் இரண்டு விரலை
என் டாங்க் மூடியின்மேல் வைத்தாள்,
நாடி பிடிக்கிற மாதிரி.
டயர் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து
மார்க்கரில் எழுதிக் காட்டினாள்:
பொய் சொல்கிறது.

நான் சிரித்தேன்.
எப்படிச் சிரித்தேன் என்பதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

ஸ்டார்ட் கோட்டில் பத்து கார்கள்.
பென்ட்டி கொடியைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்.
ஒன்பது நிற்கின்றன.
என்னுடையது மட்டும்
ரொட்டிக்கடை வரிசையில் முண்டுகிற ஆள்போல
அங்குலம் அங்குலமாய் ஊர்கிறது.
விட்டால் ஓடுகிறது, பிரேக் பிடித்தால் சாகப்பார்க்கிறது.
கொடி இறங்குமுன் முன்சக்கரம் கோட்டைத் தாண்டிவிட்டது.
பத்து விநாடி அபராதம்.
ஒன்பதாவதாக வந்தேன்.
பத்தாவது காருக்குச் சக்கரம் கழன்றிருந்தது.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள்.
ஊதியது அவள்.
காது என்னுடையது.

மதியம் சாஸேஜ் தட்டோடு அவள் மேசைக்குப் போனேன்.
தட்டை வாங்கிக் கடுகை மட்டும் வழித்துத் தின்றாள்.
பிறகு என் எஞ்சினைக் கிளப்பி,
என் உள்ளங்கையை இழுத்துச் சேஸியின் அடியில் வைத்து,
எரிபொருள் குழாயைக் கட்டைவிரலால் நசுக்கினாள்.
மறுகையில் விரல்கள் எழுந்தன.
ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.
ஐந்து விரலும் தீர்ந்து
முதலாவது மறுபடி எழும்போதுதான்
கைக்குள் ஒரு துடிப்பு விறுவிறுவென ஏறி
சட்டென்று ஒன்றுமில்லாமல் போனது.

குடித்துக் குடித்து வயிறு ஊதிக் கிடந்திருக்கிறது எஞ்சின்.
ஊசியின் தப்பை நான் திருகால் மூடி வைத்திருக்கிறேன்.
காதுக்கு இரண்டும் ஒரே பாட்டு.

ஊசியை எட்டில் ஒரு சுற்று இறுக்கினாள். இன்னும் கொஞ்சம்.
திருகைப் பின்னுக்கு எடுத்தாள்.
ரிமோட்டில் ட்ரிம்மையும் நான் தள்ளி வைத்திருந்ததைப் பார்த்து
முகம் சுளித்தாள்.
மீண்டும் நசுக்கல்.
மூன்றாம் விரலில் எகிறி அணைந்தது.
அவ்வளவுதான். தட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

இறுதிச் சுற்றில் அவள் காரும் நின்றுபோனது,
க்ளோ பிளக்கின் கம்பி அறுந்து.
அதற்கு எந்த விரலும் முன்கூட்டிச் சொல்லாது.
மேட்டின் மேல் நின்று அவள் சிரித்த சத்தம்
சாலைவரை கேட்டது.

நேற்றிரவு என் பால்கனியில்
இரண்டு காதிலும் பஞ்சடைத்து
எஞ்சினைக் கிளப்பி, கண்ணை மூடி,
சேஸியில் கை வைத்து எண்ணிக்கொண்டிருந்தேன்.
முதலில் ஒன்றும் புரியவில்லை, வெறும் நடுக்கம்.
அப்புறம் நடுக்கத்துக்குள் இன்னொரு நடுக்கம்.
கண் திறந்தால்
என் சமையலறையில் கீழ்வீட்டு ஹில்க்கா,
இரவு உடையில், கக்கத்தில் நாயோடு.
எத்தனை தரம் மணியடித்தாளோ.
வாய் அசைகிறது. நாயின் வாயும்.
குழாய் என் விரலிடுக்கில்.
மறுகையைத் தூக்கி
மூன்று விரல் காட்டினேன்.