தீர்மானம் எண் நான்கு

வியாழன், மாலை ஆறரை. மழை.
பொன்மனை தாண்டி ரப்பருக்குள் இருக்கும் எங்கள் சபையில்
கமிட்டி கூடியது. வந்தவர் ஒன்பது பேர்.
குறிப்பு எழுதுவது நான், செயலாளர் லில்லிபுஷ்பம்.
முதல் மூன்று தீர்மானங்களில் சண்டை இல்லை:
ஓடு மாற்றுவது, மைக் செட் பாக்கி,
கல்லறைத் தோட்டத்தில் காடு வெட்டுவது.

நான்காவது,
பட்டம் வாங்கிய போதகரைக் கேட்டு எழுதுவதா,
உபதேசியார் யோவேலே போதுமா.

யோவேல் எட்டாம் வகுப்பு.
விடியுமுன் மூன்று மணிக்கு நெற்றியில் விளக்கு கட்டி
முந்நூற்றிருபது மரம் பால் வெட்டுகிறவர்.
மரத்துக்கு ஒரு வசனம் என்று மனப்பாடம்.
ஒக்கிப் புயலில் பதினாறு மரம் சாய்ந்தது.
அந்தப் பதினாறு வசனமும் இன்றுவரை
தடுமாறித்தான் வருகிறது அவருக்கு.
அவர் பிரசங்கத்தில் ரப்பர் பால் மணக்கும் என்பார்கள்.
மணக்காது. ஆசிட் நாறும்.
முன்வரிசையில் இருப்பவள், எனக்குத் தெரியும்.

தங்கையன் சொன்னார்:
"மீன் பிடிச்சவனுக்கு எந்தக் காலேஜ்ல வேய் சீட்டு கெடச்சு?"
சிரித்தோம்.
கூட்டுறவு வங்கி ஷைனி சொன்னாள்:
"ஒமக்குப் பல்லு வலிச்சா மீன்காரன்கிட்டயா போவீரு?"
அதற்கும் சிரித்தோம்.

போன மே மாதம் மாற்றலாகிப் போனார் ஜெபசிங் போதகர்.
பெங்களூர்ப் படிப்பு. பத்துப் பெட்டி புத்தகம்,
அதில் இரண்டைக் கரையான் தின்றது.
ஒரு சொல்லுக்குக் கிரேக்கத்தில் நான்கு அர்த்தம் என்றால்
நான்கையும் சொல்லிவிட்டுத்தான் காணிக்கை எடுப்பார்.
பிள்ளைகள் தூங்கிவிடும்.
குடித்துக் கிடந்த லாசர் மகனைத் தன் பைக்கில் ஏற்றி
எட்டு வாரம் சிகிச்சைக்குக் கொண்டுபோனதும் அவர்தான்.
அதைக் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை.
நானும்.

என் தங்கச்சி ரெத்தினபாய்க்குக் காலில் புண், சர்க்கரை.
யோவேல் வந்தார். எண்ணெய் தொட்டு வைத்து ஜெபித்தார்.
"கர்த்தர் பாத்துக்கிடுவாரு" என்றார்.
அவ்வளவுதான் சொன்னார்.
ஊசி போடாதே என்று சொல்லவில்லை.
அவள் அப்படித்தான் கேட்டாள்.
பிரிட்ஜ் கதவில், முட்டைக்குப் பக்கத்தில்,
பதினெட்டு நாள் சும்மா இருந்தது இன்சுலின்.
பிறகு ஆசாரிப்பள்ளம், இரண்டு இரவு.
பிறகு நாம் காடு வெட்டத் தீர்மானித்த அந்தத் தோட்டம்.

அடக்க ஆராதனை ஜெபசிங் போதகர்.
ஒரு வார்த்தை பிசகவில்லை.
எனக்கு ஒரு வார்த்தையும் நினைவில்லை.
யோவேல் வாயே திறக்கவில்லை.
அடுக்களைக்குப் பின்னால் குத்தவைத்து
ராத்திரி பதினொன்று வரை பாத்திரம் தேய்த்தார்.
அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.
கையில் வெட்டுகத்தி இருந்திருந்தால்
என்ன செய்திருப்பேனோ, அவருக்குக்
காப்பி போட்டுக் கொடுத்தேன்.

"கைதூக்குவோமா?" என்றார் தங்கையன்.
அப்போது பின்வாசலில் மழைக்கோட்டு சொட்ட யோவேல்.
அழைக்கவில்லை, வந்துவிட்டார்.
சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றிய காகிதம் எடுத்தார்,
மடித்து மடித்து மடிப்பு கிழிந்தது.
இன்சுலின் டப்பாவுக்குள் வருமே, அந்தக் காகிதம்.

"நர்ஸ் சாந்தகுமாரிகிட்ட வாசிச்சுக் கேட்டேன், ரெண்டு மாசமா.
இன்னும் ஏழெட்டு வாக்கு வெளங்கல்ல.
எனக்கு ஓட்டுப் போடாதிய.
வயசு நாப்பத்தேழு ஆச்சு, எங்கயாவது
சேப்பாவளான்னு கேட்டுப் பாக்கேன்."
பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்:
"பாத்துக்கிடுவாருன்னு சொன்னேனே.
அதுக்கு வேற எப்பிடிச் சொல்லியிருக்கணும்?"

கூரையில் மழை. கரண்டு போய் வந்தது.
ஷைனி வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள்.
தங்கையன் தொண்டையைச் செருமினார், அதற்குமேல் ஒன்றுமில்லை.

தீர்மானம் எண் நான்கு: ஒத்திவைக்கப்பட்டது.
தீர்மானம் எண் ஐந்து: சாயாச் செலவு, நூற்றிப்பத்து.
பத்துக் குடித்தோம். கணக்கில் ஒன்பது என்று இருந்தது,
திருத்தினேன்.