கடினப் பகுதி

நூறு ரூபாய் முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டபோது
எனக்குப் பதினெட்டு முடிந்து பத்தொன்பது நாள்.
படிப்பு அரசு செலவு, விடுதி அரசு செலவு.
உடற்கூறியல் மேசையில் எட்டுப் பேருக்கு ஒன்றாய்க் கிடந்த
அந்தப் பெயரில்லாத மனிதரும்
அரசு செலவு.
பதிலுக்கு இரண்டு வருடம், அவர்கள் சொல்லும் ஊரில்.

ஜாமீன் நின்றவர்கள் இருவர்:
எங்கள் பள்ளி பி.டி. மாஸ்டர்,
பால் சொசைட்டிச் செயலாளர்.
எதற்கு என்று கேட்கவில்லை, எங்கே என்று மட்டும் கேட்டார்கள்,
பேனா முனையைத் தாளில் வைத்துக்கொண்டு.

சொன்ன ஊர் இது.
வாலிநோக்கம் போகும் சாலையில் உப்பளம் முடிந்து
கருவேலங்காடு தொடங்குமுன்
மஞ்சள் சுவர், நாலு கட்டில்,
ஒரு ஃப்ரிட்ஜ்.
அதில் பாம்புக்கடி மருந்து பத்துக் குப்பி,
தடுப்பூசி, பிறகு
நர்ஸ் ரெக்ஸ்லினின் தயிர்.
(தயிர் இருக்கக் கூடாது. இருக்கிறது.)
கச்சான் அடிக்கும் மாதங்களில்
கதவுக்கடியில் நுழைந்த மணல்
முதல் டோக்கன் வாங்கியதுபோல்
பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்.

தருமபுரிக்காரி நான், கடலைக் காலண்டரில் பார்த்தவள்.
வந்த வாரமே ஓர் ஆளை வலையில் வைத்துத் தூக்கி வந்தார்கள்.
கணுக்காலில் திருக்கை முள்.
ஐந்தரை வருடத்தில் எனக்கு யாரும் திருக்கை சொல்லித் தரவில்லை,
தந்திருந்தாலும் அது பரீட்சைக்கு வராத பக்கம்.
நான் ஊசியைத் தேடிக்கொண்டிருக்க
ரெக்ஸ்லின் ஒரு வாளி வெந்நீரில் தன் கையை விட்டுப் பார்த்து
அவன் காலை இறக்கினாள்.
அலறல் மெல்ல முனகலானது.
முனகல், "ஒரு டீ கிடைக்குமா" என்றானது.
மறுநாள் கட்டு மாற்ற வரச் சொன்னேன்.
மறுநாள் அவன் கடலில் இருந்தான்.

இரவுகளில் படித்தேன், மேற்படிப்புக்கு.
சென்னையில் ஒரு பட்டியல் இருக்கிறது,
இந்த ஊருக்கு நேரே "கடினப் பகுதி" என்று.
கடினத்தில் ஒரு வருடம் இருந்தால்
வாங்கிய மதிப்பெண்ணோடு பத்துப் பங்கு கூடும்.
பொய் சொல்ல மாட்டேன்:
மின்சாரம் போன ராத்திரிகளில்
அதைக் கூட்டிப் பார்த்துத்தான் தூங்கினேன்.

முத்துராக்கு வந்தாள், அப்பா தீவுப் பக்கம் பாசி எடுத்துவிட்டு.
பாறை கிழித்த விரல்களில் துணி சுற்றியிருந்தாள்,
துணிக்கு மேல் ரப்பர், ரப்பருக்கு மேல் ரத்தம்.
தையல் போடும்போது வலியை மறக்கவோ என்னவோ
மேசைமேல் இருந்த புத்தகத்தைக் கேட்டாள்.
"டாக்டரான பொறகும் எதுக்குத்தா படிக்கிறீக?"
சொன்னேன். பட்டியலையும் சொன்னேன்.

"கஷ்டமான ஊருன்னு எழுதியா வச்சிருக்காக?"
ஆமாம்.
"யாரு?"
அரசாங்கம்.
கொஞ்ச நேரம் ஊசி நூலையே பார்த்தாள்.
"அப்ப அவுகளுக்குத் தெரிஞ்சுதேன் இருக்கு."

நாலாவது தையலில் சிரித்தாள்.
"நாப்பத்தாறு வருசமா இங்கனதேன் கெடக்கேன்,
எனக்கு எம்புட்டு மார்க்கு, கூட்டிச் சொல்லுங்க."
நானூற்று அறுபது என்றேன்.
நூற்றுக்கா என்றாள்.
நூற்றுக்குத்தான்.

ரசீது போலொரு கடிதம் வந்தது நேற்று,
பிணைக்காலம் நிறைவுற்றது என்று.
இரும்பு அலமாரியில் கிடந்த என் சான்றிதழ்கள்
பூச்சிமருந்து வாசத்தோடு திரும்பி வந்துவிட்டன.
மதுரையில் இடம், மகப்பேறு.
அதற்கும் ஒரு பத்திரம், அதற்கும் இரண்டு ஜாமீன்.
முடித்தபின் எந்த ஊர் என்பது அதில் இல்லை,
எனக்கொரு ஊர் வேண்டும் என்று எழுதக் கட்டமும் இல்லை.

வாட்ச்மேன் நாகூர்கனி ஏணியோடு நிற்கிறார்,
பலகையில் என் பேரை இப்போது அழிக்கவா,
அடுத்த ஆள் வந்தபின் அழிக்கவா என்று.
போன தடவை அழித்த இடம்
பதினோரு மாதம் வெறும் பச்சையாய் இருந்ததாம்.
இருக்கட்டும் என்றேன்.
இருந்து என்ன செய்யும் என்று அவர் கேட்கவில்லை.

முதல் ஜாமீன் ரெக்ஸ்லின்,
வாசிக்காமலே போட்டாள்.
இரண்டாவது கோட்டில் யார் என்று யோசிப்பதற்குள்
வாசலில் டெம்போ சத்தம்,
வலைக்குள் யாரோ கத்துகிறார்கள்.
வாளியை எடுத்துக்கொண்டு ஓடினேன்,
என் கையை முதலில் விட்டுப் பார்த்தேன்.