விடுபட்ட அரை மைல்

காலைக் கறவை முடிந்து
பால் வண்டி போனபின் கிளம்பி
மாலைக் கறவைக்குள், ஐந்து மணிக்குள்,
திரும்பிவிட வேண்டும்.
இடைப்பட்ட நேரம் எவ்வளவோ
அவ்வளவுதான் எங்கள் நடை.

ஓஃபா என்றொரு மன்னன்
வேல்ஸுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே எழுப்பிய மண்மேடு.
அதைத் தொட்டும் விட்டும்
கடலிலிருந்து கடலுக்கு ஒரு பாதை.
ஒரே மூச்சில் நடந்தால் இரண்டு வாரம் என்கிறார்கள்.
எங்களுக்கு இது பதினோராவது வருஷம்.

பாதையில் நாலு மைல் போவோம்.
பிறகு ஏதாவது சந்தில் இறங்கி
யார்யாருடைய கொல்லைப்புறமாகவோ சுற்றி
கார் நிற்கும் இடத்துக்கே வந்துசேர்வோம்.
அடுத்த முறை, விட்ட இடத்திலிருந்து
இன்னொரு வட்டம்.
எலுனெட் வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால் போட்டுவருகிறாள்.
பார்க்கச் சங்கிலித் தையல் மாதிரி இருக்கும்.
"கட்டிப்போட்ட ஆடுகூட
உங்களைவிட நேராக நடக்கும்" என்பான்
என் தம்பி ஹெஃபின்.

இன்று அக்டோபர். பெரணி துருப்பிடித்த நிறம்.
வேலியில் மாட்டிய கம்பளி மயிரில்
நேற்றைய மழை இன்னும் சொட்டாமல் நிற்கிறது.
ஏறி இறங்கிய வேலிப்படிகள் அவள் கணக்கில் பதினான்கு,
என் கணக்கில் பதின்மூன்று.
ஒருவர் நுழைய மற்றவர் காத்திருக்கும்
அந்த அரைவட்டக் கதவு வந்தது.
முத்தக் கதவு என்று இங்கே பெயர்.
முதல் சில வருஷங்கள்
பெயருக்கு மரியாதை செய்தோம்.
இப்போது என் முதுகுப்பையை வாங்கிக்கொள்கிறாள்.
முழங்காலுக்கு அதுதான் வேண்டியிருக்கிறது.

நடுவில் ஐந்து முறை நாடு மாறினோம்.
தார்ச்சாலையில் 'அராவ்' என்று எழுதியிருந்தால் வேல்ஸ்,
மெதுவாகப் போ என்று அர்த்தம்.
மேட்டுக்கு அந்தப் பக்கம்
ஒரே மொழியில் மெதுவாகப் போகிறார்கள்.

தேவாலயச் சுவரில் சாய்ந்து
பாலாடைக்கட்டியும் ஊறவைத்த வெங்காயமும் தின்கையில்
வரைபடத்தை மடி முழுக்க விரித்தவள்
"அடக் கடவுளே" என்றாள்.
ஆறாம் வட்டத்துக்கும் ஏழாம் வட்டத்துக்கும் இடையே
ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தது.
அரை மைல்.
அன்றைக்கு மூடுபனி, ஞாபகம் இருக்கிறது.
வேறொரு வாசலில் இறங்கிவிட்டு
சரியான வாசல் என்றே நம்பி
ஐந்து வருஷம் வடக்கே வந்திருக்கிறோம்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள்.
ஃபெம்கே, கிரோனிங்கன் ஊர்க்காரி,
உரிந்த மூக்கு, பன்னிரண்டாம் நாள்.
"எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள்?"
"பதினோரு வருஷம்" என்றேன்.
சிரிக்கவில்லை. யோசித்தாள்.
எலுனெட் அந்த இடத்தில் விரலை வைத்து,
இங்கே என்ன இருந்தது என்று கேட்டாள்.
"ஒன்றுமில்லை. வயல்" என்றாள் ஃபெம்கே.
இரண்டு வாய் தேநீர் குடித்தபிறகு,
"இல்லை, ஒரு தண்ணீர்த் தொட்டி.
கொப்புளத்தோடு அதில் காலை விட்டுக்கொண்டு
ஒரு மணி நேரம் அழுதேன்.
அதற்குப் பிறகு சுலபமாக இருந்தது."

ஓக் கொட்டை பொறித்த கம்பத்தில் பிரிந்தோம்.
அவளுக்கு நேரே கடல்.
எங்களுக்கு இடப்பக்கம் சேற்றுச் சந்து,
தூரத்தில் யாருடையதோ டிராக்டர்,
குரைக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் நாய்.
எலுனெட் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.
நான் மணி பார்த்தேன்.

காரில், பென்சிலை எடுத்து
விட்டுப்போன இடத்தில்
கடுகளவு வட்டம் ஒன்று போட்டாள், தொட்டிக்கு.
இரண்டு பக்கமும் வெள்ளையாகவே விட்டாள்.
"கன்று போடும் காலம் முடிந்ததும் போகலாமா?"
போகலாம் என்றேன்.
அந்த அரை மைலுக்கு
ஒன்பது மைல் சுற்ற வேண்டியிருக்கும்.

பத்து நிமிடம் தாமதம்.
மாடுகள் வாசலில் நெருக்கிக்கொண்டு நின்றன.
மூத்தவள் மட்டும் தலையைத் தாழ்த்தி
என் பூட்ஸை நெடுநேரம் முகர்ந்தாள்:
வேறு யாருடைய புல்லிலோ
நடந்துவிட்டு வந்திருக்கிறேன்.