நோயற்றவர், எண் நான்கு

என்ஷெடேயில் மழை. சைக்கிள்களை நனையவிட்டு
ஐந்து பேரும் சட்டைக்கையை மடித்து நின்றோம்.
ஒப்பிட்டுப் பார்க்க நல்ல இரத்தம் வேண்டும்.
நல்ல இரத்தம் என்றால்
அன்றைக்கு ஆய்வகத்தில் அகப்பட்டவர்களின் இரத்தம்.

ஆளுக்கு ஏழரை மில்லி.
பெயரைக் கிழித்துவிட்டு எண்ணை ஒட்டினாள் ஹில்லெகின்.
யாருக்கு எந்த எண் என்ற தாள்
மாடியில், பூட்டிய இழுப்பறையில்.
சாவி நெறிமுறைக் குழுவிடம்.

சில்லு என் கட்டைவிரல் நகமளவு.
உள்ளே மயிரிழை வாய்க்கால்கள்,
வாய்க்காலெங்கும் தூண்கள்,
தூணுக்குத் தூண் பொன் துகள்,
பொன்மேல் நட்டுவைத்த எதிர்ப்புரதம்.
சிவப்பணுக்கள் வளைந்து கொடுத்து வழுக்கிப் போய்விடும்.
எது தூணைக் கட்டிக்கொண்டு நிற்கிறதோ
அதுதான் நாங்கள் தேடுகிற ஆள்.

நோயாளி பதினாறின் குழாயில் பதினொன்று நின்றன.
எழுதிக்கொண்டோம். உச்சுக்கொட்டினோம்.
காபி குடித்தோம்.

மணி ஏழு. எல்லோரும் போய்விட்டார்கள்.
எண் நான்கை நுண்ணோக்கிக்கு அடியில்
ஓரத்திலிருந்து நகர்த்துகிறேன்.
இருட்டு.
இருட்டு.
காலித் தூண், காலித் தூண்,
அப்புறம் பச்சையாய் ஒன்று.
நடுவில் நீலக் கரு, விளிம்பு சிதையாமல்.
வெள்ளையணு என்று சொல்லித் தப்பிக்கச்
சிவப்புச் சாயமும் ஏறவில்லை.

ஊசி நுழைகையில் தோலின் அணு ஒன்று
தொற்றிக்கொண்டு வருவதுண்டு.
அதற்காகத்தான் முதல் குழாயைக் கொட்டச் சொல்கிறது செய்முறை.
ஹில்லெகின் கொட்டினாளா?
அந்த நேரம் பார்த்து யாரோ கேக் வெட்டக் கூப்பிட்டார்கள்.

கால்வாய்க் கரையில் தினமும் ஓடுகிற சூர்ட்,
கைக்குழந்தைக்காரி ஆல்பெர்டின்,
புகையை விட்டுவிட்டதாய்ச் சொல்லும் யோரிட்,
ஹில்லெகின்.
நான்.

'முடிவுகள் கொடையாளருக்குத் தெரிவிக்கப்பட மாட்டா.'
ஐவரும் கையெழுத்திட்ட படிவம்.
அந்த வாக்கியத்தை எழுதியவள் நான்.
'தெரிவிக்கப்படாது' என்றிருந்ததை
இலக்கணம் பார்த்துத் திருத்தியவளும்.

அதிக நேரம் பார்த்தால் சாயம் வெளுக்கும்;
ஒளியே தின்றுவிடும்.
படம் எடுத்துவிட்டேன், இருந்தாலும் கண்ணை எடுக்கவில்லை.
பச்சை மங்கிச் சாம்பலாகி
தூணோடு தூணாய்ப் போனது.
கட்டத்தில் பென்சிலால் எழுதினேன்: 1.

மறுநாள் மதியம் ஒரே மேசையில் ஐந்து பேர்.
ரொட்டியில் சாக்லேட் தூவல்.
ஆல்பெர்டின் மோரை என் பக்கம் நகர்த்தி
'ஏன் அப்படிப் பார்க்கிறாய்?' என்றாள்.
ஒன்றுமில்லை என்றேன்.
எண்ணிக்கொண்டிருந்தேன்,
ஒருமுறை என்னிலிருந்து தொடங்கி,
மறுமுறை என்னை விட்டுவிட்டு.