இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்

சின்னப்பாலத்திலிருந்து முதல் பஸ்.
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு
மாதம் ஒரு தடவை. இது பத்தொன்பதாவது.
மஞ்சள் நோட்டில் நம்பீஸ்வரி, வயது நாற்பத்தி நாலு.
‘காரணம்’ என்ற கட்டத்தில்
டாக்டர் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்.
காரணம் தெரிந்திருந்தால்
சில மாதத்தில் நிறுத்தியிருக்கலாமாம்.

குருசடைக்குத் தெற்கே பாசி எடுத்துக்கொண்டிருந்தோம்.
ஒரு முங்குக்கு நாற்பது எண்ணுவேன்.
அன்றைக்கு ஒன்பதில்
நெஞ்சுக்குள் யாரோ நங்கூரத்தை இறக்கினார்கள்.
மேலே வந்தும் மூச்சில்லை.
கச்சான் அடித்துக்கொண்டிருந்தது,
அத்தனை காற்றும் வெளியே.
ராக்கம்மாதான் முடியைப் பிடித்து
வள்ளத்தில் இழுத்துப் போட்டாள்.

கெண்டைக்காலில் உறைந்தது
நுரையீரலுக்கு ஏறியிருக்கிறது என்றார்கள்.
என்னைவிட நன்றாக நீந்தத் தெரிந்த கட்டி.

இப்போது இரவு எட்டு மணிக்கு மாத்திரை.
ஞாயிறும் புதனும் பாதி.
மகனுடைய பிளேடால் உடைத்து
மிச்சப் பாதியை
முங்கு கண்ணாடி இருந்த டப்பாவில் வைக்கிறேன்.
முருங்கைக்கீரை தின்னலாம்,
எல்லா வாரமும் ஒரே அளவு.

ரத்தம் எடுக்கிற ஹமீதா பானு கீழக்கரைக்காரி.
“ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல நிக்கணும்க்கா.
குறைஞ்சா உறையும், கூடினா ஒழுகும்.”
ரெண்டு பாகம், மூணு பாகம்.
நான் பிழைத்த தண்ணீர்தானே அது.

நோன்புக்கு அவள் வீட்டில் கடல்பாசி காய்ச்சுவார்களாம்.
பாலும் சீனியும் சேர்த்து ஆறவிட்டால்
கத்தியால் வெட்டுகிற மாதிரி உறையும்.
“நீங்க எடுத்ததா இருக்கும்க்கா”
என்றாள் ஊசியை விட்டபடி.
சிரித்துவிட்டேன். ஊசி ஆடியது.
உறைய வைக்கிற சரக்கை
இருபத்தாறு வருஷம் சாக்குச் சாக்காகக் கரையேற்றியவள் நான்.

பஞ்சை உச்சிப்புளி வரைக்கும் அழுத்திப் பிடிக்க வேண்டும்.
முன்பெல்லாம் பாறை கிழித்த விரலுக்கு
ஒரு சுற்றுத் துணி போதும்.
போன மாசியில் ஒரு சிப்பி கீறி
இரண்டு துண்டு நனைந்தும் நிற்கவில்லை.
வள்ளத்தின் அடித்தண்ணீர் சிவந்தது.
ராக்கம்மா ஒன்றும் சொல்லாமல்
இறைத்துக்கொண்டே இருந்தாள்.

இனி இறங்குவதில்லை என்று சொல்லியிருக்கிறேன்.
இறங்குகிறேன். இடுப்பளவு.
இன்றைக்கு டாக்டர்
என் கால் விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
எதுவும் எழுதவில்லை.
வீங்கியிருந்த இதயத்தின் வலப்பக்கம்
பழைய அளவுக்கு வந்துவிட்டதாம்.
அப்படியென்றால் மாத்திரையை நிறுத்தலாமா என்றேன்.
“பார்ப்போம்.”
அடுத்த தேதியை மட்டும் அழுத்தி எழுதினார்.

சாயங்காலம் போனில் ஹமீதா:
“ரெண்டு புள்ளி நாலு. அதே மாத்திரை.”
ராக்கம்மாவின் வள்ளம் இன்னும் கரைக்கு வரவில்லை.
அடுப்படியில் நின்று மூக்கைப் பொத்தி
சும்மா எண்ணிப் பார்த்தேன்.
முப்பத்தொன்றில் குக்கர் கத்தியது.