பாதியில் நிற்கும் முள்

தேனீப் பெட்டியை ராத்திரியில்தான் மாற்ற வேண்டும்.
வெளியே போனதெல்லாம் வீடு திரும்பி,
வாசலில் வலை வைத்து அடைத்த பிறகு.
அப்படித்தான் போன வெள்ளிக்கிழமை
பன்னிரண்டு பெட்டியோடு
பேச்சிப்பாறை ஏற்றத்தில் நின்றுபோனது எங்கள் ஆம்னி.

புகை என்று நினைத்தேன். ஆவி.
முன்சீட்டுக்கு அடியிலிருந்து,
புட்டுக்குடத்தைத் திறந்ததுபோல.
இரண்டு பக்கமும் ரப்பர், மாசித் தளிர்.
ஒரு விளக்கு இல்லை.
"சத்தம் கேக்குதா?" என்றாள் ஜெஸ்லின் மைனி.
இன்ஜினை அணைத்து வெகுநேரமாகியிருந்தது.
சத்தம் பின்னாலிருந்து வந்தது.
பெட்டிக்குள் சிறகடித்துச் சிறகடித்து
தங்கள் மெழுகு உருகாமல் பார்த்துக்கொண்டிருந்தன அவை.
எங்கள் வண்டியின் ஃபேன்
கடைசிவரை ஒருதடவைகூடச் சுற்றவில்லை.

சனிக்கிழமை மார்த்தாண்டத்தில்
மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், எட்டு கிளாம்ப்,
ரேடியேட்டர் மூடி, ஃபேன் சுவிட்ச்.
"தெர்மோஸ்டாட்டும் மாத்திருங்க" என்றான் கடைப் பையன்.
"மெக்கானிக் யாரு?"
நாங்கதான் என்றதும்
மீதிச் சில்லறையை இரண்டு தடவை எண்ணினான்.

அயினி மரத்தடியில் நிறுத்தி
சக்கரத்துக்குக் கல் வைத்தோம்.
கழற்றிய போல்ட்டுகளை
ரப்பர்பால் பிடித்த பழைய சிரட்டைகளில் போட்டு
ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் எண் எழுதினாள் மைனி.
வடிந்த தண்ணீர்
குழித்துறை ஆற்றில் புதுவெள்ளம் வரும் நிறம்.
கிணற்றுத் தண்ணீரையே குடித்து வளர்ந்த வண்டி.
ஹோஸை அமுக்கினால்
குதிகால் வெடிப்புபோல வரிவரியாய்ப் பிளந்தது.

தெர்மோஸ்டாட் மூடிக்கு இரண்டு போல்ட்.
ஒன்று வந்தது. இன்னொன்று வரவில்லை.
மண்ணெண்ணெய் விட்டு,
ஒரு செபமாலை முடியும் நேரம் காத்திருந்து,
ஸ்பேனரில் ஏறி நின்றேன்.
திறந்தால்
உள்ளே ஒன்றுமில்லை.
வெறும் குழி. கொஞ்சம் துரு.

வண்டி விற்ற குளச்சல் கிளீட்டசுக்குப் போன் போட்டேன்.
"அதா? அது நம்ம ஊருச் சூட்டுக்கு எதுக்கு பிள்ளே?
நான் வாங்கின வருசமே களத்தித் தூரப் போட்டாச்சு.
முள்ளு ஏறவே ஏறாதுல்லா!"

ஏறவில்லைதான்.
ஐந்து வருடம்,
அடியிலேயே படுத்துக் கிடந்த முள்ளைப் பார்த்து
வண்டிக்கு நல்ல உடம்பு என்று சொல்லிக்கொண்டோம்.
அது கூடுதலாய்க் குடித்த பெட்ரோலுக்கு
மலையைக் குறை சொன்னோம்.
மைனி சிரித்தாள்:
"எனக்குப் பிரஷரே கிடையாதுண்ணு சொல்லுவாருல்லா ஒங்க அண்ணன்?
ஒருநாளும் பாத்ததில்ல."

புதியதைத் தேயிலைச் சட்டியில்
நூல் கட்டித் தொங்கவிட்டோம்.
தண்ணீர் கொதிக்கும் முன்னமே
மெல்ல வாய் திறந்தது, இரை கேட்கும் குஞ்சுபோல.
அடுப்பை அணைத்ததும் மூடிக்கொண்டது.
மைனி இன்னொருதடவை பற்றவைத்தாள்,
சும்மா பார்க்க.

கூலண்ட் இனிக்குமாம்; குடித்தால் சாவாம்.
நாயைக் கட்டினோம். கோழியை அடைத்தோம்.
தேனீயை என்ன செய்வது?
சிந்தின இடமெல்லாம் கழுவிவிட்டு
மண்ணை அள்ளிப் போட்டேன்.
பாதி பச்சை, பாதி பேட்டரித் தண்ணீர்.
மூடியைத் திறந்தே வைத்து இன்ஜினை ஓடவிட்டதில்
குமிழ் வந்தது, நின்றது,
நாங்கள் மூடப்போகும் நேரம்
அடியிலிருந்து பெரிதாய் ஒரு ஏப்பம்.

அப்புறம் முள் ஏறத் தொடங்கியது.
அது ஏறி நாங்கள் பார்த்ததே இல்லை.
என் கை சாவியில்.
"அணைச்சிரு விஜிலா, அணைச்சிரு."
கால். காலுக்கு மேலே.
மைனி மேல் ஹோஸைத் தொட்டுக் கையை உதறினாள்:
"சுடுது! இப்பம்தான் சுடுது!"
பாதியில் நின்றது முள்.
கொஞ்ச நேரத்தில் முன்னால்
ஃபேன் உறுமிச் சுற்றி, தானே ஓய்ந்தது.

கடைசியில் ஒரு போல்ட் மிச்சம்.
நாலாம் எண் சிரட்டை.
எதினுடையது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

இன்று திரும்பவும் பன்னிரண்டு பெட்டி.
குலசேகரம் தாண்டிவிட்டோம்.
மைனி பாட்டு போடவில்லை, பேசவில்லை.
டாஷ்போர்டு வெளிச்சத்தில்
முள்ளையே பார்த்துக்கொண்டு வருகிறாள்.
நாலாம் எண் அவள் மடியில்.